பாதாம் நிறத்துக்கு எத்தனை கிராம் நீலம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப்போகிறேன். பட்டறையில் யாரோ என் காலை வாரப் பார்க்கிறார்கள். யார் என்று பிடிபடும்வரை வாயைத் திறக்கமாட்டேன். எழுதுவதை யாரும் தடுக்க முடியாது.

நாளைக்கு இந்த நோட்டு ஆதாரமாக வேறு கைக்குப் போனால் விவரம் புரிய வேண்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் பொங்கியண்ணன். வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருடமாகத் திருப்பூரில் இந்தச் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பனியன் துணிக்கு எந்த நிறம் வேண்டுமோ அதற்கு எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று சீட்டில் எழுதுவது நான். சீட்டைப் பார்த்துச் சாயத்தை நிறுத்துக் கொடுப்பது பரிமளம். பதினொரு வருடமாக என் கீழ் வேலை பார்க்கிறாள். அதன்பின் கீழே மெஷினில் துணிக்குச் சாயம் ஏறும். வந்த துணியைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்வதும் நான்தான்.

மற்ற பட்டறை மாஸ்டர்கள் துணி வாங்கும் பார்ட்டி கொடுத்த மாதிரிக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு துணியோடு ஒட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. ஒரு நிறத்தை ஒரு தடவை கண்ணில் ஏற்றிக்கொண்டால் ஆயுசுக்கும் போதும். கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

இன்று பாதாம் கலர் லாட் ஒன்று திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒரே பார்ட்டிக்குப் போகும் நிறம். "நீலம் அடிக்குது" என்று எழுதி அனுப்பியிருக்கிறான். அந்த லாட் ஓடிய வாரம் பரிமளம் காய்ச்சல் என்று லீவு. நானே எழுதி, நானே நிறுத்து, நானே பார்த்து அனுப்பியது. அவ்வளவு கச்சிதமாக ஒரு பாதாம் இந்த ஒரு வருடத்தில் வரவில்லை. துண்டு வெட்டி இந்தப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன். பாருங்கள், இதில் நீலம் எங்கே இருக்கிறது?

இனி ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு இந்த நோட்டுக்கு வரும்.

ஜூன் 5, புதன்

எட்டு நாளைக்குப் பிறகு நல்லதண்ணி வந்தது. குடம், டிரம், அண்டா எல்லாம் பிடித்து வைத்தேன்.

பால்காரன் எருமைப்பாலை விட்டுவிட்டு என்னமோ மஞ்சளாக ஊற்றுகிறான். கேட்டால் "அதே பால்தானுங்க" என்கிறான். சுலோச்சனாவும் அவனுக்கு ஒத்து ஊதுகிறாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் என் பக்கம் பேசியவள் இல்லை.

வேட்டி சட்டை விஷயம் வேறு. வெள்ளைச் சட்டை போடாமல் நான் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. சாயப்பட்டறை மாஸ்டர் சட்டையில் ஒரு பொட்டு சாயம் இருக்கக்கூடாது. ஆனால் இவள் துவைத்துப் போடுவது பழுப்பாக இருக்கிறது. சொட்டுநீலம் விடுவதில் கஞ்சத்தனம்.

"இதுக்கு மேல ஊத்துனா சட்டை நீலமாப் போயிருமுங்க" என்றாள்.

"நீ ஊத்து. நிறத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தராதே" என்றேன்.

பாட்டிலைக் கவிழ்த்தாள். துவைக்கச் சோம்பல், வேறென்ன.

ஜூன் 8, சனி

பார்ட்டியின் ஆட்கள் தணிக்கைக்கு வரப்போகிறார்களாம். எல்லாருக்கும் புது அடையாள அட்டை. என் போட்டோவில் வெள்ளைச் சட்டை இளம்நீலமாக அச்சாகியிருக்கிறது என்று கீழே மெஷின்காரர்கள் பேசிச் சிரித்தது காதில் விழுந்தது. நான் எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றது. எனக்கு அட்டையில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அப்படியே இருந்தாலும் ஸ்டுடியோக்காரன் பிரிண்டரில் மை தீர்ந்திருக்கும்.

எதற்குச் சிரித்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஜூன் 11, செவ்வாய்

இன்று பெரிய விஷயம்.

பாதாம் லாட் மறுபடி ஓடியது. மஞ்சளாக வந்திருந்தது. சீட்டில் நாற்பது கிராம் நீலம் எழுதியிருந்தேன். போன வருடம் இதே நிறத்துக்கு முப்பத்தொன்றுதான் எழுதுவேன். ஏற்றி ஏற்றி எழுதியும் மஞ்சள் போகவில்லை. "திருப்பி மெஷின்ல போடு" என்றேன்.

"காஞ்சா சரியாயிருமுங்ணா" என்றாள் பரிமளம். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருக்கா கார்டை எடுத்துப் பாத்துக்கலாமுங்ணா?" என்று கேட்டாள்.

பதினொரு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. ஏன் கேட்கிறாள்? பீரோவைத் திறந்து, உறையைப் பிரித்து, கார்டை நிறம் பார்க்கிற வெளிச்சப் பெட்டிக்குள் வைத்தேன். கார்டு பழுத்த மஞ்சள். நான் கண்ணில் ஏற்றி வைத்திருக்கிற பாதாம் அது இல்லவே இல்லை.

கார்டை மாற்றிவிட்டார்கள். வாய்விட்டே சொல்லிவிட்டேன். கீழே என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. என் கையெழுத்துப் போலவே போட்டிருக்கிறார்கள். 'பொ' எழுத்தின் சுழி வரைக்கும் விடவில்லை. நன்றாகப் பழகியவர்கள்தான் இதைச் செய்ய முடியும்.

கார்டோடு ஒத்துப்போகிறது என்று மஞ்சள் லாட் அப்படியே போனது. பார்ட்டி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டான். என் கண்ணுக்குச் சரியாக இருப்பது திரும்பி வருகிறது, மஞ்சளடிப்பது பாஸாகிறது. பார்ட்டியின் ஆளையும் யாரோ கையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 12, புதன்

பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். சாவி என் அரைஞாணில்.

ஜூன் 15, சனி

நீல டப்பாவை ஒருவரும் இல்லாதபோது நிறுத்துப் பார்த்து, குறித்து வைத்திருந்தேன். இன்று லாட் முடிந்தபின் மறுபடி நிறுத்தேன். சீட்டில் நான் எழுதியது நாற்பத்தாறு கிராம். டப்பாவில் குறைந்திருப்பது முப்பத்தொன்றுதான்.

பதினைந்து கிராம் துணிக்குள் போகவில்லை.

பரிமளம் எதிரே உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஒரு வாய் வெக்கட்டுங்ளாணா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

நிறம் பார்க்கிறவர்கள் எல்லாரும் கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று பார்ட்டியின் தணிக்கையில் ஒரு புது விதி. நிறம் பார்ப்பது நான் ஒருவன்தான். 'எல்லாரும்' என்றால் யார் என்று எனக்குப் புரியாதா?

முதலாளி லோகநாதன் தம்பி கார் கொடுத்து அனுப்பினார். அவருடைய அப்பா காலத்தில் சேர்ந்தவன் நான். அதனால் எனக்கு அவர் தம்பிதான்.

டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரிவரை கடகடவென்று படித்தேன். அப்படியும் ஒரு சொட்டு மருந்தை விட்டு அரைமணி நேரம் உட்கார வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்குதுங்கய்யா. நடுவுல நல்லாப் பழுத்து மஞ்சளாகியிருக்கு."

"எழுத்தெல்லாம் தெரியுதேம்மா."

"எழுத்து தெரியும். நிறம்தான் மாறியிருக்கும். வருஷக்கணக்கா மெதுவா மாறுறதால உங்களுக்கே தெரியாது."

பிறகு ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். உடம்பில் எது பழசானாலும் உடம்பு அதைத் தள்ளிவிட்டுப் புதுசு வைத்துக்கொள்ளுமாம். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸின் நடுவில் உள்ள புரதம் மட்டும் நான் அம்மா வயிற்றில் இருந்தபோது வந்தது. அதை உடம்பால் மாற்றவே முடியாதாம். அறுபத்தொரு வருட வெயிலும் சூடும் சர்க்கரையும் அதே புரதத்தின் மேல்தான் விழுந்திருக்கிறது. அடிபட்ட புரதம் சுருண்டு, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி, கட்டியாகி, மஞ்சளாகிவிடுகிறது.

"முட்டையோட வெள்ளைக்கரு பச்சையா இருக்கறப்ப கண்ணாடியாத் தெரியும். சூடு பட்டா என்னாகுது? அதேதான், ஆனா அறுபது வருஷமா நடக்குது. இப்படி அடிபட்ட புரதம் சேர்றது மூளையிலயும் உண்டு, இதயத்துலயும் உண்டு. கண்ணுல மட்டும்தான் நாங்க எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்க முடியும்."

சும்மா விடுவேனா? "அடிபட்டதைப் பாத்துக்க உள்ள ஒரு ஆளுகூடக் கிடையாதாம்மா?" என்று மடக்கினேன்.

அவள் சிரித்தாள். "நல்ல கேள்வி. இருக்குது. அதுவும் ஒரு புரதம்தான். அடிபட்டது மத்ததோட ஒட்டிக்காம, சத்தமில்லாமப் பிடிச்சு வெச்சுக்கும். ரொம்ப வருஷம் அதுதான் தாங்குது. அதுவும் தீர்ந்துபோச்சுன்னா மளமளன்னு மங்கிடும்."

நல்ல கதை. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிற கதை. சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். ரிப்போர்ட்டை நாலாக மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். தம்பியிடம் டாக்டர் லீவு என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. நாளைக்கு அவள் லீவாக இருக்கலாம்.

இந்தச் சமயத்தில் போய்க் கண் என்று கிளப்பிவிட்டது யார்?

ஜூன் 26, புதன்

அகப்பட்டுவிட்டது.

பரிமளம் கீழே போயிருந்தபோது அவள் மேஜை டிராயரைத் திறந்தேன். என் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் வேறு அளவு. நான் நாற்பது எழுதினால் அவள் முப்பத்தொன்று. நான் நாற்பத்தாறு, அவள் முப்பத்தொன்று. நான் ஐம்பத்திரண்டு, அவள் அப்போதும் முப்பத்தொன்று. போன வருடம் ஆடி மாதம் தொடங்கி இதேதான். அவள் காய்ச்சலில் இருந்த வாரத்துக்குச் சீட்டு இல்லை.

ஒரு வருடமாக என் கையெழுத்துக்குக் கீழே இவள் தன் இஷ்டத்துக்குச் சாயம் போட்டிருக்கிறாள். மிச்ச நீலத்தை எந்தப் பட்டறைக்கு விற்கிறாளோ. அல்லது நான் எழுதுவதெல்லாம் தப்பு என்று ஆக்கி என் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறாளோ. இரண்டும் இருக்கலாம்.

இந்த மாதத்துச் சீட்டுகள் நான்கை உருவிக்கொண்டு வந்து அந்தந்தத் தேதித் துண்டுகளோடு இங்கே குத்திவிட்டேன். மனசு ஆறவில்லை. அவள் புருஷன் செத்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றவன் நான்.

ஜூலை 1, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்ட் ஆட்களும் மெஷின் பக்கத்தில் நிற்பார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். தம்பியும் இருந்தார். அங்கே வைத்துக் கேட்டேன்.

"பதினொரு வருஷம் சோறு போட்ட பட்டறைக்குத் துரோகம் பண்ணலாமா? இந்த நீலமெல்லாம் எங்க போச்சு? திருடி வித்தியா?"

பரிமளம் சீட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இதை நம்ம ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கலாமுங்ணா."

"தனியா எதுக்கு? எல்லார் முன்னாடியும் சொல்லு. சீட்டை மாத்தினியா இல்லியா?"

"மாத்தினேனுங்."

"ஏன்?"

அவள் என் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் "அத நான் இங்க சொல்லமாட்டேனுங்ணா" என்றாள். சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு இல்லையென்றால் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

ஜூலை 3, புதன்

நானே நிறுத்தேன். ஐம்பத்திரண்டு கிராம். பாதாம் என்றால் அதுதான் பாதாம்! அந்தக் காய்ச்சல் வாரத்துக்குப் பிறகு என் நிறம் எனக்கு மறுபடி கிடைத்தது. துண்டு குத்தியாயிற்று.

வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தது. சுலோச்சனா என்னோடு பேசவில்லை. பரிமளம் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 6, சனி

வெள்ளை லாட் இரண்டு. அதற்கும் நீலம் நானே நிறுத்தேன். பிரமாதம்.

ஜூலை 11, வியாழன்

மூன்று லாட்டும் திரும்பி வந்துவிட்டன. பாதாம் ஒன்று, வெள்ளை இரண்டு. "மொத்தமும் நீலம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்.

அவள்தான் இல்லையே. அப்படியென்றால் அவளுக்கு உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறது.

சாயங்காலம் மொபெட்டில் வரும்போது எதிரே வந்த லாரியின் விளக்கு கண்ணில் சிதறிப் பாய்ந்தது. சாக்கடை ஓரம் வண்டியோடு சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. இந்தக் காலத்து லாரிக்காரர்களுக்கு விளக்கைத் தாழ்த்தத் தெரிவதில்லை. சுலோச்சனா மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

ஜூலை 15, திங்கள்

சந்தையில் பரிமளத்தின் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாளாம் சுலோச்சனா. வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள்.

"எந்தப் பட்டறையிலயும் அவளச் சேத்த மாட்டேங்கறாங்களாமா. திருடின்னு பேரு வந்துட்டா யாருங்க சேத்துவாங்க? வீட்டுல உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டறாளாமா."

"பண்ணுனது அப்படி" என்றேன்.

"நீங்க பண்ணுனது எப்படீங்க?" என்று கேட்டாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பேப்பர்கூட இப்போதெல்லாம் பழுப்பாகத்தான் அடிக்கிறார்கள்.

ஜூலை 17, புதன்

தம்பி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"மாஸ்டர், கண்ணாஸ்பத்திரில இருந்து போன் வந்துதுங்க. ஆபரேஷனுக்கு எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்க. டாக்டர் லீவுன்னு சொன்னீங்களே?"

நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"திரும்பி வந்த துணியை நிறம் அளக்கிற மெஷின்ல வெச்சுப் பாத்தாச்சுங்க. நீலந்தான் சொல்லுது."

"மெஷினை வித்தவன் எப்படி வேணும்னாலும் சொல்ல வெப்பான் தம்பி."

அவர் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாவமாகப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் சீட்டு எழுத வேண்டாமுங்க" என்றார்.

செய்துகொள்கிறேன். செய்துகொண்டு, இதே கண்ணோடு வந்து, இதே துணியைக் காட்டி, நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கிறேன். அப்போது மெஷின் என்ன சொல்கிறது பார்க்கலாம்.

ஜூலை 24, புதன்

வலது கண் முடிந்தது. வலியில்லை. சுலோச்சனா எழுதுகிறாள், நான் சொல்கிறேன். நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 25, வியாழன்

காலையில் கண்கட்டை அவிழ்த்தார்கள்.

முதலில் பார்த்தது டாக்டரின் வெள்ளைக் கோட்டு. இப்படியொரு வெள்ளை உலகத்தில் இருந்ததையே மறந்துபோயிருந்தேன். சுவர், தலையணை உறை, ஜன்னலுக்கு வெளியே வானம், எல்லாம் கழுவி வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைக் கசக்கக்கூடாது என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணால பாருங்கய்யா."

பார்த்தேன். கோட்டு டீயில் நனைத்தெடுத்த துணியாக இருந்தது. மூடினேன், திறந்தேன். வலதில் வெள்ளை, இடதில் டீ. ஐந்தாறு தடவை பார்த்தேன். இதில் யாரும் கை வைத்திருக்க முடியாது. இரண்டும் என் கண்.

பிறகு குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

நீலம். இளம்நீலம்கூட இல்லை. பள்ளிக்கூடச் சீருடை நீலம்.

சுலோச்சனா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷமாவே ஏறிட்டுத்தான் இருக்குதுங்க. சொன்னா எரிஞ்சு விழுந்தீங்க. அதான், நீங்க சந்தோசமா இருந்தாப் போதும்னு ஊத்திக் குடுத்தேன். வேலில காயப்போடறப்ப எனக்கே வெக்கமா இருக்கும்."

ஒரு வருடம் நாற்பது பேருக்கு நடுவே இதைப் போட்டுக்கொண்டு நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கழற்றினேன். இந்த நோட்டைப் பகல் வெளிச்சத்தில் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

ஜூன் 3, நான் நிறுத்தது: நீலம். ஜூன் 11, அவள் நிறுத்தது: பாதாம். ஜூன் 15, அவள்: பாதாம். 22, 26, அவள்: பாதாம், பாதாம். ஜூலை 3, நான்: நீலம். அவளைத் திருடி என்று நிரூபிக்க நானே ஊசியால் குத்தி வைத்த துண்டுகள்.

ஒரு வருடமாக என் கண் போய்க்கொண்டிருந்தது. நான் நீலத்தை ஏற்றி ஏற்றி எழுதினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய அளவுக்கே நிறுத்துக் கொடுத்து, என் பெயரில் நல்ல துணியை அனுப்பினாள். அடிபட்டதைச் சத்தமில்லாமல் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள் உள்ளே உண்டு என்று டாக்டர் சொன்னாளே. என் பட்டறையில் அது பரிமளம். நாற்பது பேர் முன்னால் அந்த ஆளைத்தான் நான் துரத்தினேன். அப்புறம் மளமளவென்று எல்லாம் போயிற்று.

அன்றைக்கு அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை.' அதைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள், என் கதை முடிந்திருக்கும். சொல்லாமல் திருடிப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

சுலோச்சனாவோடு பஸ்ஸில் பரிமளத்தின் வீட்டுக்குப் போனேன். தரையில் பனியன் குவியலுக்கு நடுவே கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

"உள்ள வாங்ணா. ஆபரேஷன் பண்ணுன கண்ணோட வெயில்ல நிக்காதீங்."

உட்கார முடியவில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி?"

"எத்தனை தடவை சொல்றதுங்ணா? காஞ்சா சரியாயிரும்னேன், கேக்கலை. கார்டை எடுத்துப் பாக்கலாம்னேன். எடுத்தீங்க. கார்டையே மாத்திட்டாங்கன்னு பூட்டு வாங்கிட்டு வந்தீங்."

சுலோச்சனா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன். திரும்பி வந்துரு. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

பரிமளம் கத்தரியை மடியில் வைத்தாள்.

"தம்பிகிட்டப் பேசி நான் வந்தா, மாஸ்டர் மனசு எரங்கித் திருடியச் சேத்துக்கிட்டாருன்னுதான் பேசுவாங்ணா. எங்கிட்டத் தனியா மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லீங். எட்டு மணிக்கு ரெண்டு ஷிப்டும் நிக்கறப்பச் சொன்னீங்க. அதே எட்டு மணிக்குச் சொல்லுங்."

நானும் சுலோச்சனாவும் திரும்பப் பஸ் ஏறினோம். எல்லார் முன்னாலும் கண் போய்விட்டது என்று சொன்னால் நான் மாஸ்டர் இல்லை. இருபத்தாறு வருடம். வேறு ஏதாவது வழியில் அவள் பெயரைத் துடைக்க முடியாதா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு வழியும் யோக்கியமாக இல்லை.

ஜூலை 29, திங்கள்

சுலோச்சனா புது வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று பழையதையே போட்டுக்கொண்டேன்.

எட்டு மணி. இரண்டு ஷிப்ட் ஆட்களும் நின்றார்கள். தம்பி தூணோரம் நின்றார். நான் ஆள் விட்டுச் சொல்லியிருந்ததால் பரிமளமும் வந்து, வாசலுக்கு வெளியே, உள்ளே கால் வைக்காமல் நின்றாள். மெஷின் பக்கம் போய் நின்றேன்.

"நான் பரிமளத்தைத் திருடின்னு சொன்னேன். அவ ஒரு கிராம்கூடத் திருடலை. என் கண்ணு போயிருச்சு. ஒரு வருஷமா நான் தப்புத் தப்பா எழுதுன சீட்டை அவ சரிபண்ணி, இந்தப் பட்டறை பேரையும் என் பேரையும் காப்பாத்தியிருக்கறா. நான் சொன்னது பொய். அதத் திருப்பி எடுத்துக்கறேன்."

நம்பினார்களா, கிழவன் எதற்கோ பயந்து பேசுகிறான் என்று நினைத்தார்களா தெரியவில்லை. சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டினேன்.

"இது என்ன கலர்? சொல்லுங்கப்பா."

குனிந்துகொண்டார்கள். ஒரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் இவர்கள்தான்.

"நீலமுங்ணா" என்று வாசலில் இருந்து பரிமளம் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? நான் இத வெள்ளைன்னு நெனச்சுப் போட்டுட்டு இருந்தேன்" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள் என்பதால் எனக்குக் கஷ்டமாக இல்லை. தம்பி வாசலுக்குப் போய், "உள்ள வாங்கக்கா" என்று பரிமளத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேலே அறையில் இன்றைய சீட்டைப் பாதாம் என்று எழுதி, நீலத்துக்கு எதிரே இடம் விட்டு அவள் பக்கம் தள்ளினேன். "நீயே போடு. இனிமே நீதான் போடணும்."

அவள் பென்சிலை எடுக்கவில்லை. "கார்டை எடுங்ணா. ரெண்டு பேருமாப் பாத்துட்டுப் போடலாம்."

அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். திறந்து, உறையைப் பிரித்து, வெளிச்சப் பெட்டிக்குள் வைத்தாள். நல்ல பாதாம். நான் கண்ணில் ஏற்றிக்கொண்ட அதே பாதாம். கார்டின் கீழே இருந்த கையெழுத்து என்னுடையதுதான்.